கடல் மீனுக்கு ஒரு கணக்கு

அருளப்பர் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு கணக்கு வருகிறது. இரவெல்லாம் முயன்றும் ஒன்றும் அகப்படாத சீடர்கள், விடியற்காலையில் கரையில் நின்ற இயேசுவின் சொற்படி படகின் வலப்பக்கம் வலையை இறக்குகிறார்கள். இராயப்பர் கரைக்கு இழுத்துவந்த அந்த வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன. இந்த எண்ணுக்கு வேத அறிஞர்கள் பலவிதமாகப் பொருள் கூறியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் பிறந்த நம் மாணவியரைக் கேட்டாலோ, மிக எளிய விளக்கம் ஒன்று சொல்வார்கள்: மீன்பாடு கரைக்கு வந்தால் எண்ணாமல் விடுவார்களா? பங்கு பிரிக்க வேண்டாமா?

வலைக்குள் வந்துவிட்ட மீனை எண்ணுவது எளிது. வலைக்கு வெளியே, கடலில் எத்தனை மீன் மிஞ்சியிருக்கிறது? அதில் இவ்வாண்டு எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்? இதை யார் முடிவு செய்வது? இக்கேள்விகளை ஆராய்வதற்கென்றே இக்காலத்தில் மீன்வளவியல் என்ற துறை வளர்ந்திருக்கிறது. அத்துறையினர் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் நிகழ்ச்சி ஒன்றை இக்கட்டுரையில் காண்போம். அது நம் கடலில் நடந்ததன்று. கானடா நாட்டின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் மாகடலில் உள்ள நியூபவுண்ட்லாந்து என்னும் தீவில் நடந்தது. ஆயினும் அதைப் படிக்கும்போது நம் கரையின் நினைவு வராமல் இராது.

ஒரு மீனை நம்பிய தீவு

காட் மீனை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் எண்ணெயை விழுங்கியவர்கள் நம் பெற்றோரிலும் பாட்டிமாரிலும் பலர் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த ‘காட் லிவர் ஆயில்’ இந்த மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டதே. காட் மீன் குளிர்ந்த கடலில் வாழ்வது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லது. முகவாயில் சிறு தாடிபோல ஓர் இழை தொங்கும். நியூபவுண்ட்லாந்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் வாழும் காட் கூட்டத்தில், ஒரு பெட்டை மீன் முதன்முதல் சினைபிடிக்க ஐந்தாறு ஆண்டுகளாகும். இந்த ஐந்தாறு ஆண்டு என்பதை மாணவியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று கடலில் உள்ள பெரிய மீன்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், அவற்றின் இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறைக்கு அத்தனை காலம் வேண்டும் என்பது அதன் பொருள்.

1497-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஜான் கேபட் என்ற மாலுமி இக்கடலைக் கண்டார். கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீனை அள்ளலாம் என்று அப்பயணத்தைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று சொல்கிறது. அதன்பின் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்த்துகீசியர், பாஸ்க் இனத்தார் எனப் பலரும் கோடைதோறும் வந்து காட் பிடித்தனர். உப்பிட்டு உலர்த்திய காட் கருவாடு கப்பல் கப்பலாக ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் இத்தாலிக்கும் போயிற்று. அந்நாடுகளில் தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் கத்தோலிக்க மக்கள் சுத்தபோசனம் காத்தார்கள் அல்லவா? அவர்கள் வீட்டுச் சட்டியில் கொதித்தது பெரும்பாலும் இந்தக் கருவாடுதான்.

நாளடைவில் தீவின் கரை நெடுகிலும் சிற்றூர்கள் தோன்றின. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர் அவற்றில் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க 1833-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கால்வே நகரிலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அங்குச் சென்றனர். அதே சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தது 1842-ஆம் ஆண்டில் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

அந்தச் சிற்றூர்களின் வாழ்க்கை இயற்கையின் ஓட்டத்தோடு இணைந்திருந்தது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் காட் மீன்கள் கரையிலிருந்து வெகுதொலைவில், ஆழ்கடல் திட்டுகளின் ஓரத்தில் கூட்டம் கூட்டமாய்ச் சேர்ந்து சினையிடும். கோடை தொடங்கியதும் கேப்லின் என்ற சிறு மீன், நம் நெத்திலியைவிடச் சற்றுப் பெரியது, முட்டையிடுவதற்காகக் கரை மணலுக்கே வரும். அலையோடு வந்து குவியும் கேப்லினை மக்கள் வாளிகளில் அள்ளித் தோட்டத்துக்கு உரமாகவும் போடுவார்கள். கேப்லினைத் தின்பதற்காக அதன் பின்னாலேயே காட் மீன் கரையோரம் வரும். அப்போது ஆண்கள் சிறு படகுகளில் சென்று கைத்தூண்டிலாலும், கடலடியில் அறைபோல நிறுத்திவைக்கும் ஒருவகை வலையாலும் அதைப் பிடிப்பார்கள்.

பிடித்த மீனைக் கருவாடாக்கும் பொறுப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. கழிகளால் அமைத்த பரண்களில் மீனைப் பரப்பி, வெயில் கடுமையானால் மூடி, மழை வந்தால் ஓடிப்போய் அடுக்கி, பனிமூட்டம் விலகியதும் மறுபடி பரப்பி, வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். பருவ முடிவில் வணிகர் அதைத் தரம் பிரித்து எடுத்துக்கொள்வார். பருவத் தொடக்கத்தில் அவர் கடனாகக் கொடுத்த மாவு, உப்பு, கயிறு, வலை ஆகியவற்றின் விலையைக் கழித்துவிட்டு மீதி ஏதேனும் இருந்தால் கணக்கில் எழுதுவார். பல குடும்பங்கள் ரொக்கப் பணத்தைக் கண்ணால் காண்பதே அரிது. முன்பணம் கொடுத்து மீனை வாங்கிக்கொள்ளும் தரகரை அறிந்த நம் கடற்கரையார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த முறையில் ஒரு வறுமை இருந்தது. கூடவே ஒரு காவலும் இருந்தது. சினையிடும் காலத்தில் மீன் ஆழ்கடலில் பனிக்கட்டிகளுக்கு அப்பால் கிடக்கும். சிறு படகுகள் அங்கே போக இயலாது. ஆகவே எந்தச் சட்டமும் இல்லாமலே மீனுக்கு ஆண்டில் பல மாதம் ஓய்வு கிடைத்தது.

பெருங்கப்பல்களின் வருகை

1950-களின் நடுவில் இந்தக் காவல் உடைந்தது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, துண்டம் போட்டு, உறையவைத்து, மாதக்கணக்கில் கடலிலேயே தங்கக்கூடிய பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. பிரிட்டனின் ‘பேர்ட்ரை’ என்ற கப்பல் இவ்வகையில் முன்னோடி. அதைப் பார்த்து சோவியத் யூனியன், ஸ்பெயின், போர்த்துகல், ஜெர்மனி முதலிய நாடுகளின் கப்பல்களும் வந்தன. குளிர்காலத்தில், சினைமீன் திரண்டு நிற்கும் அதே திட்டுகளில் இரவும் பகலும் மடி இழுத்தன. அதற்கு முன் ஆண்டு மீன்பாடு பெரும்பாலும் 3 லட்சம் டன்னுக்குள் இருந்தது. 1968-ஆம் ஆண்டில் அது 8 லட்சம் டன்னை எட்டியது. பத்தே ஆண்டில், 1978-இல், 1.4 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது.

1977-இல் கானடா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தன் மீன்பிடி எல்லையாக அறிவித்தது. அந்நியக் கப்பல்கள் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டன. நியூபவுண்ட்லாந்து மக்கள் நல்ல காலம் பிறந்தது என்று மகிழ்ந்தனர். அரசாங்கம் கடன் கொடுத்தது. புதிய படகுகள் கட்டப்பட்டன. கரையெங்கும் மீன் பதனிடும் ஆலைகள் எழுந்தன. அந்நியக் கப்பல்கள் போன இடத்தில் கானடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் வந்து நின்றன. மீனுக்கு எந்தக் கொடி என்பது தெரியாது அல்லவா?

ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. இனி விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் மீனைக் கணக்கிட்டுச் சொல்வார்கள்; அதற்கேற்ப இத்தனை டன் மட்டுமே பிடிக்கலாம் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைக்கும். கடலில் உள்ள மீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுப்பது என்பது கொள்கை. உலகிலேயே மிகக் கவனமாக நிர்வகிக்கப்படும் மீன்களில் ஒன்று இது என்று பலரும் எண்ணினர்.

கடல் மீனை எண்ணுவது எப்படி?

இங்கே சற்று நின்று பாடத்தைப் படிப்போம். காணமுடியாத மீனை மூன்று வழிகளில் மதிப்பிடலாம்.

முதலாவது, வயது. மீனின் தலைக்குள், செவிப் பகுதியில் சிறு கல் போன்ற பொருள் ஒன்று உண்டு. செவிக்கல் என்பர். குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் வளையங்களைப்போல ஆண்டுக்கொரு வளையம் தெரியும். சந்தைக்கு வரும் மீன்களில் எந்தெந்த வயதினது எத்தனை என்று ஆண்டுதோறும் எழுதிவந்தால், ஓர் ஆண்டில் பிறந்த கூட்டம் வருடத்துக்கு வருடம் எவ்வளவு தேய்கிறது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இக்கணக்கில் பழைய ஆண்டுகளின் விடை ஓரளவு சரியாக இருக்கும். நமக்கு மிகவும் தேவையான இந்த ஆண்டின் விடைதான் ஐயத்துக்கு இடமானது. அந்தக் கூட்டம் இன்னும் முழுவதும் பிடிபட்டு முடியவில்லையே!

இரண்டாவது, ஆய்வுக் கப்பல். முன்கூட்டியே சீட்டுப் போட்டதுபோல் தேர்ந்தெடுத்த இடங்களில், ஒரே அளவான வலையை, ஒரே நேர அளவு இழுத்துப் பார்ப்பது. மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போகக்கூடாது என்பது இதில் முக்கியமான விதி.

மூன்றாவது, மீன்பிடிக் கப்பல்கள் தரும் கணக்கு. ஒரு மணிநேரம் மடி இழுத்தால் எத்தனை டன்? இந்த எண் உயர்ந்தால் கடலில் மீன் பெருகியிருக்கிறது என்று கொள்வது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. இதில்தான் குழி இருந்தது.

மாணவியர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பெரிய மைதானம் முழுவதும் நூறு கோழிகள் சிதறி மேய்கின்றன. அவை இருபதாகக் குறைந்துவிட்டன. ஆனால் அந்த இருபதும் ஒரே மூலையில் கூடிவிட்டன. மூலையை அறிந்தவன் கூடையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போவான். அவன் கூடை அன்றைக்கும் நிறையும். ‘கோழி குறையவில்லை’ என்று அவன் சொல்வது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. காட் மீனும் எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சிய இடங்களில் நெருங்கித் திரண்டது. ஒலி அலையால் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் கப்பல்களில் ஆண்டுக்காண்டு மேம்பட்டன. ஆகவே மணிக்கணக்கு மீன்பாடு உயர்ந்துகொண்டே போயிற்று. கடலிலோ மீன் குறைந்துகொண்டே போயிற்று.

இத்தவறு சிறியதுபோல் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடலில் 100 டன் இருப்பதாக நம்பி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 டன், பிடிக்கிறோம். உண்மையில் இருந்தது 50 டன்தான் என்றால், நாம் எடுத்தது ஐந்தில் ஒரு பங்கன்று, ஐந்தில் இரண்டு பங்கு. அடுத்த ஆண்டும் அதே நம்பிக்கையில் அதே 20 டன் எடுத்தால், மிஞ்சிய முப்பதில் அது மூன்றில் இரண்டு பங்கு. இடையில் குஞ்சுகள் வளர்ந்து சேரும் என்பது உண்மையே. ஆனால் பெரிய பெட்டை மீன் இடும் முட்டையைச் சிறியது இடாது. சிறிய பெட்டை சில லட்சம் முட்டையிட்டால், நன்கு வளர்ந்தது பல பத்து லட்சம் இடும். பெரிய மீன்களை முதலில் எடுத்துவிட்ட கடலில் குஞ்சுகள் எங்கிருந்து வரும்?

கரையோரத்தார் சொன்னது

1982-க்குப் பிறகு சிறு படகு மீனவர்களின் மீன்பாடு ஆண்டுதோறும் குறைந்தது. வருகிற மீனும் சிறுத்தது. ஆழ்கடல் கப்பல்கள் சினைமீனை அள்ளிவிடுவதால் கரைக்கு மீன் வருவதில்லை என்று அவர்கள் முறையிட்டனர். அதிகாரிகள், இவ்வாண்டுக் கடல்நீர் குளிர்ந்திருக்கிறது, அதனால் மீன் கரைக்கு வரவில்லை. மற்றபடி மீன் பெருகித்தான் வருகிறது என்றனர். படகுக்காரரின் பேச்சு வெறும் அனுபவப் பேச்சு. கப்பல்களின் கணக்கு எண். எண்ணுக்குத்தான் மதிப்பு.

மீனவர்கள் சோர்ந்துவிடவில்லை. தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டு, 1986-இல் அத்தீவின் மெமோரியல் பல்கலைக்கழகத்து உயிரியலார் மூவரைக்கொண்டு அரசாங்கக் கணக்கை ஆராயச் செய்தனர். மீனின் அளவு மிகுதியாக மதிப்பிடப்பட்டு வருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. துரதிருஷ்டவசமாக, அதே 1986-ஆம் ஆண்டு ஆய்வுக் கப்பலின் வலையில் வழக்கத்துக்கு மாறாக மிகுதியான மீன் அகப்பட்டிருந்தது. அந்த ஓர் ஆண்டின் பெரிய எண், ஐயப்பட்டவர்களின் வாயையும் சிறிது காலம் அடைத்துவிட்டது.

1989 தொடக்கத்தில்தான் விஞ்ஞானிகள் தங்கள் கணக்கு தவறு என்று உணர்ந்தனர். கொள்கைப்படி நடப்பதானால் அவ்வாண்டு 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று கூறினர். அரசாங்கம் வைத்த வரம்பு 2,35,000 டன். ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இதைப் படித்ததும் அமைச்சர்களைக் குறைசொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் முன்னிருந்த மற்றொரு கணக்கையும் பார்க்கவேண்டும். வரம்பைப் பாதியாக்கினால் பல ஆலைகள் உடனே மூடப்படும். பல ஊர்களில் ஆலையைத் தவிர வேறு வேலை கிடையாது. கானடாவில் 1957 முதல் மீனவர்க்கும் வேலையில்லாக் காலத்து உதவித்தொகை உண்டு; ஆனால் அக்காலத்தில் ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்களேனும் உழைத்தவர்க்குத்தான் அது கிடைத்தது. ஆகவே ஆலையில் சில வார வேலை போய்விட்டால், அந்த வாரக் கூலி மட்டுமன்று, குளிர்காலம் முழுவதற்குமான சோறும் போய்விடும். ஒவ்வோர் ஊரும் தனக்கும் ஓர் ஆலை வேண்டும் என்று கேட்டதற்கும், தேவைக்கு மேல் ஆலைகள் பெருகியதற்கும் இதுவும் ஒரு காரணம். மீனுக்கு இரக்கம் காட்டுவதா, மக்களுக்கு இரக்கம் காட்டுவதா என்பதுபோலக் கேள்வி வந்தது. அமைச்சர்கள் மக்கள் பக்கம் நின்றதாக எண்ணினர்.

எமக்குத் தோன்றுவது இது: அந்த மக்களின் நிலையை அவர்கள் உண்மையில் கணக்கெடுக்கவில்லை. இவ்வாண்டு ஆலையை மூடினால் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து மீனே இல்லாமற்போனால் எத்தனை பேருக்கு, எத்தனை காலத்துக்கு வேலை போகும் என்பதை அதன் பக்கத்தில் எழுதிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டும் ஒரே கணக்கின் இரு வரிகள் என்பது தெரிந்திருக்கும்.

1992 ஜூலை 2

1991-இலும் 1992-இலும் கடல்நீர் மிகக் குளிர்ந்தது. கேப்லின் கூட்டமும் திடீரெனச் சிதைந்தது. காட் மீன் இரையின்றி மெலிந்தது. இதற்குள் எண்ணிக்கையும் தேய்ந்திருந்தபடியால் கூட்டம் அப்படியே குலைந்துபோயிற்று. 1992 ஜூலை 2-ஆம் நாள், தலைநகர் செயின்ட் ஜான்ஸில் அமைச்சர் ஜான் கிராஸ்பி, வடக்குக் காட் மீனைப் பிடிப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்துவதாக அறிவித்தார். முந்திய நாள் ஒரு மீனவ ஊரில் மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டபோது, கடலிலிருந்து மீனை எடுத்தது நான் அல்லவே என்று அவர் சினந்து சொன்னது அந்நாட்டில் இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஒரே அறிவிப்பில் வேலையிழந்தவர்கள் 19,000 பேர். அதைச் சார்ந்த தொழில்களையும் சேர்த்தால் 30,000-க்கு மேல். கானடா நாடு அதுவரை ஒரே நாளில் இத்தனை பேருக்கு வேலை போனதைக் கண்டதில்லை. வாரத்துக்கு 225 டாலர் உதவி என்று சொன்னபோது, அறிவிப்பு நடந்த அறையின் கதவை மீனவர்கள் உடைக்கப் பார்த்தனர். பிறகு அது 406 டாலர் வரை உயர்த்தப்பட்டது. ஆலைகளில் மீன் வெட்டிய, துண்டம் போட்ட, பெட்டியில் அடைத்த பெண்கள் பல்லாயிரவர் இதில் உண்டு. படகுக்கும் உரிமத்துக்கும் உடையவர் பெரும்பாலும் ஆண்களாகையால், பேச்சுவார்த்தைகளில் முதலில் கேட்டது அவர்கள் குரலே.

இரண்டு ஆண்டு என்றது முப்பத்திரண்டு ஆண்டாயிற்று. நடுவில் கரையோரத்தார்க்குச் சிறு அளவு அனுமதி கிடைத்ததுண்டு. பழைய மீன்பாடு திரும்பவேயில்லை. 1991-இல் அம்மாநிலத்தின் மக்கள் தொகை 5,68,000. 2001-இல் 5,13,000. இளைஞர் மேற்கே வேலை தேடிப் போயினர். சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர்; சில வகுப்புகளை ஒன்றுசேர்த்தார்கள், சில பள்ளிகளை மூடினார்கள்.

குற்றம் யாருடையது என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடியே முதற்காரணம் என்று 1994-இல் ஜெப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். குளிரும் கேப்லின் குறைவும் காரணம் என்றோரும் உண்டு. சீல் என்னும் கடல்நாய்களைக் குற்றம் சாட்டியவர்களும் பலர். மீன் மிகுதியாய் இருந்த நூற்றாண்டுகளிலும் குளிரான ஆண்டுகள் வந்துதான் போயின. காட் கூட்டம் தாங்கிக்கொண்டது. வற்றிய உடம்புக்குச் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்தாவதுபோல, தேய்ந்த கூட்டத்தைக் குளிர் வீழ்த்திற்று என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமாகப் படுகிறது.

காலியான இடம்

காட் மீன் போன கடல் சும்மா இருக்கவில்லை. காட் தின்றுவந்த இறாலும் நண்டும் பெருகின. சில ஆண்டுகளில் அவற்றின் விலைமதிப்பு பழைய காட் மீனுடையதை மிஞ்சியது. பணக்கணக்கை மட்டும் பார்த்தவர்கள் மீன்தொழில் பிழைத்துவிட்டது என்றனர். ஆனால் நண்டு பிடிக்க உரிமமும் பெரிய படகும் வேண்டும். அவை உள்ளவர் செழித்தனர். இல்லாதவர் ஊரைவிட்டுப் போயினர். மொத்தத் தொகை ஏறியது, அதைப் பகிர்ந்துகொண்ட கைகள் குறைந்தன. பள்ளியில் சராசரி கண்டுபிடிக்கக் கற்றிருக்கும் நாம், சராசரி எதை மறைக்கும் என்பதற்கு இதை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

இப்போது அதே கடலில் மற்றொரு சிக்கல். காட் மீண்டும் பெருகினால் இறாலும் நண்டும் குறையலாம். நண்டை நம்பிக் கடன் வாங்கியவர் என் செய்வார்? ஒரு மீனுக்கு மட்டும் வரம்பு வைப்பது இனி இயலாது. அதன் இரையையும், அதன் பகைவரையும், நீரின் வெப்பத்தையும், அதை நம்பியவர் வீட்டு அடுப்பையும் சேர்த்து எண்ணவேண்டியிருக்கிறது.

இந்தப் பாடத்தால் சில வழக்கங்கள் மாறின. 1995-இலிருந்து அங்குள்ள சிறு படகு மீனவர்களே, விஞ்ஞானிகள் வகுத்த முறைப்படி, குறித்த இடங்களில் வலைபோட்டு, மீனின் நீளத்தையும் எடையையும் அளந்து, செவிக்கல்லை எடுத்துக் கொடுக்கிறார்கள். காவல் மீன்பிடி என்று அதற்குப் பெயர். மெமோரியல் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியை பார்பரா நீஸ் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும், வயது முதிர்ந்த மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள்: எந்த ஆண்டில் என்ன படகு, எத்தனை வலை, எந்த இடம், என்ன மீன்? தங்கள் மீன்பாடு குறையாதிருந்த ஆண்டுகளிலும் அதே மீனுக்கு இரண்டு மடங்கு வலையும், இன்னும் தொலைவான இடமும் தேவைப்பட்டது என்பது அந்தப் பதில்களை வரிசையாக வைத்தபோது தெரிந்தது. மீனவருக்குத் தெரிந்ததுதான். யாரும் எண்ணாகக் கேட்கவில்லை.

நம் மாநிலத்திலும் இப்படிப்பட்ட முயற்சிகள் சில உண்டு. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையை ஒட்டிய மூன்று கடல் மைலை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்குகிறது. 2001 முதல் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017 முதல் அது 61 நாளாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்நாட்களுக்கு அரசாங்கம் குடும்பங்களுக்கு உதவித்தொகை தருகிறது. தடைக்காலத்தில் எந்த வீட்டில் யார் நகையை அடகு வைக்கிறார், கூடைமீன் விற்கும் பெண்கள் அந்த மாதங்களில் எந்த மீனை எங்கே வாங்குகிறார், தடை முடிந்த முதல் வாரத்தில் வலையில் வருவது பெரிய மீனா குஞ்சு மீனா என்பவை நம் மாணவியரில் பலர் வீட்டிலேயே கண்டறியக்கூடியவை.

2023-இல் கானடா விஞ்ஞானிகள் 1954 வரை பின்னோக்கிச் சென்று பழைய விவரங்களையும் கேப்லின் விவரத்தையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டனர். அதன்படி காட் கூட்டம் ‘அபாய’ நிலையிலிருந்து ‘எச்சரிக்கை’ நிலைக்கு மாறியது. கவனியுங்கள்: அவ்வாண்டு மீன் திடீரெனப் பெருகிவிடவில்லை, அளவுகோல் மாறிற்று. 2024 ஜூன் மாதம் தடை நீக்கப்பட்டு 18,000 டன் வரம்பு வைக்கப்பட்டது. அதிலே பெரிய இழுவைக் கப்பல்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றதும், முதல் 1,15,000 டன் வரை கரையோரத்தார்க்கும் பழங்குடியினர்க்குமே என்று முன்பு கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று மீனவர் சங்கம் கேட்டது. அவர்கள் கேட்டதும், விஞ்ஞானிகளின் புதிய கணக்கும் இப்போது ஒரே மேசையில் இருக்கின்றன.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் கடற்கரை மாணவியர்க்கு ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் கேட்க வேண்டியவை: அவர் முதன்முதல் கடலுக்குப் போன ஆண்டு, அன்றைய படகு, வலையின் கண் அளவு, எத்தனை பாகம் ஆழம், என்ன மீன். பிறகு அதே கேள்விகளை அப்பாவிடமும் கேட்டுப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பாட்டியிடம் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று: அவர் கூடையில் சுமந்து விற்ற மீன்களில் இன்று சந்தைக்கு வராதவை எவை? பெயரை ஊர்ப்பேச்சில் உள்ளபடியே எழுதினால் போதும்.